காஜா பெராங்கில் வெட்டிய ஸ்பிரிங்

என் தங்கையைக் கையோடு ஊருக்கு அழைத்து வருவதற்காகத்தான் நான் மலாக்காவுக்குப் போனேன். "வரமாட்டேன்னு சொன்னா கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வா" என்று சொல்லித்தான் அம்மா அனுப்பினாள்.

செண்பகம் கல்யாணமாகி மலாயாவுக்குப் போனவள். ரப்பர் தோட்டத்தில் குமாஸ்தாவாக இருந்த அவள் புருஷன் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். திரும்பி வந்துவிடு என்று எழுதினோம். அவள் வரவில்லை. மலாக்கா ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலை படித்தாள், ஊருக்கு வெளியே இருக்கும் சில தோட்டங்களுக்குப் பிரசவம் பார்க்கப் போய்வருகிறாள் என்று தெரிந்தது. அதையும் அம்மா பொறுத்துக்கொண்டாள். கப்பலில் வந்த ஒருவர் கும்பகோணத்துக்கு வந்து, "உங்க பொண்ணு மோட்டார் சைக்கிள்ல இருந்து விழுந்து காறை எலும்பு ஒடைஞ்சு கெடந்துச்சு" என்று சொன்ன பிறகுதான் பொறுக்க முடியவில்லை. எலும்பு ஒடிந்ததைவிட மோட்டார் சைக்கிள் என்ற சொல்தான் அம்மாவை அதிகம் உலுக்கியது என்று நினைக்கிறேன்.

நான் ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் ஃபிட்டர். லீவு வாங்கி, காகிதங்கள் கிடைத்து, நான் போய்ச் சேர்வதற்குள் வருஷம் ஒன்று ஓடிவிட்டது, அவள் எலும்பும் கூடிவிட்டது. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து முதல் வருஷம் முடியப்போகிற சமயம் அது.

மலாக்கா பஸ் நிலையத்தில் அவள் அந்த வண்டியோடுதான் நின்றாள். வெள்ளைச் சட்டை, கீழே ஆண்கள் போடுகிற மாதிரி சாம்பல் நிறக் காற்சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துணி. கும்பகோணத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். அதில் பெண் யாரும் கிடையாது.

"என்னண்ணே அப்பிடிப் பாக்கறீங்க? பெட்டிய பெச்சாவுல ஏத்திவிட்டாச்சு. நீங்க பின்னால ஏறுங்க" என்றாள். பெச்சா என்பது அந்த ஊர் மூன்று சக்கர மிதி ரிக்‌ஷா. அதில் என் டிரங்குப் பெட்டி ராஜா மாதிரி தனியாக உட்கார்ந்து போயிற்று. நான் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

அது தார் ரோட்டுக்கும் மண் ரோட்டுக்கும் பொதுவாகச் செய்த சின்ன வண்டி. டயரில் கட்டை கட்டையாகப் பிடி. தண்ணீர் படாதபடி புகைக்குழாயை உயரத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். முன்பக்கம், ஹேண்டில்பாருக்குக் கீழே, ஒரு இரும்புச் சட்டத்தில் அவளுடைய பிரசவப் பெட்டி. ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ரோட்டில் ஒரு சின்னப் பள்ளம். நம் ஊர்ப் பள்ளங்களோடு ஒப்பிட்டால் அதைப் பள்ளம் என்றே சொல்லக்கூடாது. வண்டியின் மூக்கு தொபுக்கென்று குனிந்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்கள் 'டங்' என்று ஒரு சத்தம் போட்டன. அந்த அடி அவள் தோள் வழியாக என் கைக்கு வந்தது.

"செண்பகம், ஃபோர்க் அடிச்சுக்குதே."

"ஆமாண்ணே. அது எப்பவும் அப்பிடித்தான்" என்றாள்.

அவள் குடியிருந்தது காஜா பெராங் பகுதியில், கம்போங் செட்டி என்ற குடியிருப்பில். வீட்டுக்காரர் பெயர் ஆறுமுகம் பிள்ளை. துறைமுக ஆபீசில் வேலை. நெற்றியில் பட்டையாக விபூதி. நம் ஆள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கும்பிட்டு, "சௌக்கியமா இருக்கீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே நின்றார். 

"அவருக்குத் தமிழ் வராது அண்ணே. இங்க உள்ளவங்க இந்த ஊருக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆச்சு. பேச்செல்லாம் அவங்க மலாய்தான்" என்றாள் செண்பகம்.

அவர் மனைவி லெட்சுமி மலாய்க்காரப் பெண்களைப் போலச் கைலி மாதிரிச் சாரோங்கும் சட்டை மாதிரிக் கெபாயாவும் அணிந்து, நெற்றியில் பொட்டு வைத்திருந்தார். சாயங்காலம் மாரியம்மன் படத்துக்கு முன்னால் கற்பூரம் காட்டி, எனக்கு ஒரு வார்த்தை புரியாத பாஷையில் வேண்டிக்கொண்டார். முடித்துவிட்டு என்னிடம் நீட்டியது மட்டும் நம் ஊர்த் திருநீறு.

அன்று சாப்பாட்டில் தேங்காய்ப்பால் சோறும், புளி போட்ட மீன் குழம்பும், பெலாச்சான் சம்பலும். பெலாச்சான் என்பது கூனி இறாலை உப்பிட்டு இடித்துக் காயவைத்த கட்டி. அதை வாட்டி மிளகாயோடு அரைக்கிறார்கள். அந்த வாடைக்கு முதலில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் முறை சோறு வாங்கும்போது சம்பலையும் கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்டு முடித்ததும் வந்த விஷயத்தைச் சொன்னேன். கப்பலில் அவளுக்கும் இடம் சொல்லியாகிவிட்டது, சாமான்களைக் கட்டு என்றேன்.

"நான் வரலண்ணே" என்றாள்.

"அம்மாகிட்ட நான் வாக்குக் கொடுத்துட்டு வந்திருக்கேன்."

"நீங்க கொடுத்தீங்க. நான் கொடுக்கலியே." கோபமாகச் சொல்லவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னாள். "அங்க வந்தா நான் உங்க தங்கச்சி, செத்துப்போன ஒருத்தரோட பொண்டாட்டி. இங்க என்னை மிஸ்ஸின்னு கூப்பிடறாங்க, நர்ஸம்மான்னு அர்த்தம். மிஸ்ஸி வந்தாச்சான்னு கேட்டுக்கிட்டு தோட்டத்து ஆளுங்க லயத்து வீட்டு வாசல்ல நிக்கறாங்க."

"அப்போ சைக்கிள்ல போ. அந்த வண்டிய விடு."

"சைக்கிள்ல போய்ச் சேர்றதுக்குள்ள புள்ள பொறந்துடும் லா."

அந்த ஊரில் பேச்சு முடிந்தது என்பதற்கு ஒரு 'லா' போடுகிறார்கள்.

மறுநாள் காலையில் அவளோடு தோட்டத்துக்குப் போனேன். ரப்பர் மரங்களை அங்கே பால்மரம் என்கிறார்கள், ரோட்டைச் சடக்கு என்கிறார்கள். தார்ச் சடக்கு முடிந்து செம்மண் சடக்கு தொடங்கியதும் எனக்குப் புரிந்துவிட்டது. மழைத் தண்ணீரும் லாரிச் சக்கரமும் சேர்ந்து அதைக் கீற்று கீற்றாகக் கிழித்திருந்தன. வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் முட்டியது. செண்பகம் உட்காராமல் பாதி நின்றபடியே ஓட்டினாள். ஒவ்வொரு டங்குக்கும் அவள் இடது தோள் லேசாக இழுத்துக்கொள்வதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

தோட்டத்து எல்லையில் ஒரு பலகைப் பாலம். அதைத் தாண்டினால் ஒரு படி மாதிரி இறக்கம். பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்கித் தள்ளிக்கொண்டு போனாள். தாண்டி அந்தப் பக்கம் போன பிறகு சொன்னாள்.

"இங்கதான் விழுந்தேன்."

அவள் விழுந்த அன்று காளியப்பன் என்ற பால்வெட்டுக்காரரின் மனைவி முனியம்மாளுக்கு வலி எடுத்திருந்தது. குழந்தை குறுக்கே கிடந்தது. அவசரமாக வந்த செண்பகம் பாலத்தை இறங்காமல் தாண்டினாள். முன் சக்கரம் படியில் விழுந்ததும் ஃபோர்க் கடைசிவரை அமுங்கி முட்டியது. ஹேண்டில்பார் கையை விட்டுத் திருகிக்கொண்டது. அவளும் பெட்டியும் ஓடைக்குள் போனார்கள். காறை எலும்பு ஒடிந்த கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்தபடி மிச்ச தூரத்தை நடந்தே போயிருக்கிறாள்.

"போனேன். அம்மாவக் காப்பாத்த முடிஞ்சுது. புள்ள போயிடுச்சு" என்றாள்.

"நேரத்துக்குப் போயிருந்தா பொழைச்சிருக்குமா?"

"தெரியாது. அது தெரியாதுங்கறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு." பெட்டியைச் சரிசெய்துகொண்டே, "முனியம்மா இப்ப மறுபடியும் மாசமா இருக்கா. இதோ இதோன்னு இருக்கு. எந்த முகத்த வச்சுக்கிட்டு நான் கப்பல் ஏறுவேன், சொல்லுங்க" என்றாள்.

 நான் பாலத்துப் பக்கம் திரும்பி அந்தப் படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய இறக்கமே இல்லை. ஒரு நல்ல ஃபோர்க் அதைக் கவனிக்கக்கூட வேண்டியதில்லை. எனக்குக் கோபம் வந்தது தங்கைமேல் அல்ல. அந்த இரண்டு ஃபோர்க் குழாய்மேல்தான் வந்தது. ஊருக்கு அவள் வருகிறாளோ இல்லையோ, இந்த வண்டியை இப்படி விட்டுவிட்டு நான் போகமாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

திரும்பி வந்ததும் முதலில் சொன்னது, பெட்டியைப் பின்னால் மாற்று, முன்பக்கப் பாரம் குறையும் என்பது.

"முடியாதுண்ணே. பின்னால ஆளு உக்காரணும். ரத்தப் போக்கு நிக்காத பொம்பளைய அந்த சீட்டுல உக்கார வச்சு, என்னோட சேத்துக் கட்டிக்கிட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கேன்" என்றாள்.

பெட்டி முன்னால்தான் இருக்கும் என்று ஆயிற்று. அப்படியானால் முன்பக்கம் அதைத் தாங்கியாக வேண்டும்.

வண்டி விற்ற கடையில் ஏற்கனவே கேட்டிருக்கிறாள். அந்த வண்டியின் வாகே அப்படித்தான் என்றார்களாம். புது ஸ்பிரிங் வேண்டுமென்றால் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும், வந்தாலும் அதே ஸ்பிரிங்தான்.

பட்டறையில் நான் பழகியது பஸ்ஸின் பட்டை ஸ்பிரிங். இந்த மாதிரிக் குழாய் ஃபோர்க்கை அதுவரை கழற்றியதில்லை. ஆறுமுகம் பிள்ளை வீட்டுப் பின்முற்றத்தில், மங்குஸ்தான் மரத்தடியில், சாக்கை விரித்து உட்கார்ந்தேன். அவரும் வேட்டியை மடித்துக் கட்டுவதுபோலச் சாரோங்கை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அவருக்கு வண்டிகள்மேல் ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் செண்பகத்தின் வண்டியைத் துடைப்பதே அவர்தானாம். என்னை 'அபாங்' என்றார், அண்ணன் என்று அர்த்தம். நான் அவரைப் பிள்ளைவாள் என்றேன். இருவருக்கும் நடுவே வாசற்படியில் நின்று செண்பகம் மொழிபெயர்த்தாள்.

மேல் மூடியைத் திருகிக் கழற்றினால் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் நீளமான ஸ்பிரிங். அடியில் தண்ணீராய் ஓடுகிற எண்ணெய். ஸ்பிரிங்தான் பாரத்தைத் தாங்க வேண்டும். அது படாரென்று போய் வராதபடி தடுப்பது எண்ணெயின் வேலை. இதில் இரண்டுமே போதவில்லை. முதலில் சுலபமான வழியைச் செய்து பார்ப்போம் என்றேன். ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு துண்டுக் குழாய் வைத்து மூடினால், மூடும்போதே ஸ்பிரிங் கொஞ்சம் இறுகிக்கொள்ளும். எண்ணெயைக் கெட்டியானதாக மாற்றலாம்.

குழாய் வாங்கப் பண்டார் ஹிலிர் என்ற பகுதிக்குப் போனேன். அங்கே நாகூர்ப் பக்கத்துக்காரர் ஒருவரின் இரும்புக்கடை. எல்லோரும் அவரை, அண்ணன் என்கிற பொருளில், நானா என்றார்கள்.

"எந்த ஊரு தம்பி?"

"கும்பகோணம்."

"அப்ப நம்ம ஊருதான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். சர்க்கரையில் வறுத்த கருப்புக் கோப்பி வந்தது. தாரைக் காய்ச்சி ஊற்றியதுபோல் கெட்டி. நாக்கில் பட்டதும் நம் ஊர்க் காபி ஞாபகம் வந்தது, ஆனால் அதை மறந்துவிடவும் பெரிய சிரமம் இருக்கவில்லை.

"ஊருக்குத் திரும்புவீங்களா நானா?" என்று கேட்டேன். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த பிறகு எல்லோரையும் எல்லோரும் கேட்ட கேள்வி அது.

"எம் புள்ளைங்க இங்கதானே பொறந்துச்சுங்க. பாஸ்போர்ட் காட்டித்தான் உள்ள போகணும்ங்கற ஊருக்குப் போயி நான் என்ன தம்பி செய்யப்போறேன்?" என்றார். "ஓங்க தங்கச்சிக்கும் அதேதான். போட்டு சுசா பண்ணாதீங்க." சுசா என்றால் தொந்தரவு. கோப்பி முடிவதற்குள் இரண்டு முறை அந்தச் சொல்லைச் சொன்னார்.

அவரிடம் குழாய் முழு நீளமாகத்தான் இருந்தது. அறுத்துக் கொடுக்க ஆள் அன்று வரவில்லை. நான் அவசரக்காரன். ஒரு பெச்சாவில் ஏறி, குழாயைக் கொடிக்கம்பம்போல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு புறப்பட்டேன். சுதந்திர ஆண்டு நிறைவுக்காகத் தெருவின் குறுக்கே காகிதக் கொடிகளைத் தோரணமாகக் கட்டியிருந்தார்கள். எனக்குத் தெருவைப் பார்க்கத் தெரிந்தது, வானத்தைப் பார்க்கத் தெரியவில்லை. குழாயின் நுனி தோரணத்தில் மாட்டி, பெச்சா போகப் போக மொத்தக் கயிறும் எங்களோடு வந்தது.

மலாய்க் கான்ஸ்டபிள் ஒருவர் நிறுத்தினார். ஒரு நாட்டின் சுதந்திரக் கொடியை இழுத்துக்கொண்டு போகிற அயல்நாட்டான் என்ற முறையில் நான் இறங்கிக் கும்பிட்டேன். தெரிந்த ஒரே வார்த்தையைச் சொன்னேன்: "மிஸ்ஸி." வண்டி ஓட்டுவதுபோலக் கையை முறுக்கிக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. பெச்சாக்காரர் அப்புறம் ஜாடையில் விளக்கியதிலிருந்து தெரிந்துகொண்டேன், கான்ஸ்டபிளின் அண்ணி பிரசவத்துக்கும் மோட்டார் மிஸ்ஸிதான் போயிருக்கிறாள். அவரே ஏணி போட்டுக் கொடியைக் கட்ட, நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

குழாயை அறுத்து வைத்தோம். கெட்டி எண்ணெயை ஊற்றினோம். காஜா பெராங் ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது வண்டி மூக்கை நிமிர்த்திக்கொண்டு போயிற்று. ஆறுமுகம் பிள்ளை கைதட்டினார். எனக்கும் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் போயிற்று.

அடுத்த நாள் செம்மண் சடக்கில் அது இறங்கிவிட்டது. முதல் பள்ளத்தில் ஃபோர்க் அமுங்கியது. எண்ணெய் கெட்டியாக இருந்ததால் எழுந்து வருவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிட்டது. இன்னும் அமுங்கியது. கொஞ்ச தூரத்தில் அது எழுந்திருப்பதையே மறந்து, கட்டை மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு அடியும் நேராகக் கைக்கு வந்தது. செண்பகம் வண்டியை நிறுத்தித் தோளைத் தேய்த்துக்கொண்டாள்.

"முன்னாடி டங்குன்னாவது சொல்லும். இப்ப சொல்லாம அடிக்குது" என்றாள்.

 என் தவறு தெரிந்துவிட்டது. ஸ்பிரிங் தாங்க வேண்டிய பாரத்தை எண்ணெயைத் தாங்கச் சொல்லியிருந்தேன். குழாய்த் துண்டு வண்டியைத் தூக்கி நிறுத்தியதே தவிர ஸ்பிரிங்கை வலுவாக்கவில்லை. ஸ்பிரிங் அதே மெத்தென்ற ஸ்பிரிங்தான்.

வலுவாக்க ஒரு வழி இருந்தது. ஸ்பிரிங்கில் சில சுற்றுகளை வெட்டி எடுத்துவிட்டால் மிச்சம் உள்ளது விறைப்பாகும். வெட்டிய நீளத்துக்குக் குழாயை வைத்து நிரப்பலாம். ஆனால் அதிகம் வெட்டிவிட்டால் சுற்றோடு சுற்று முட்டி, கதை முதலிலிருந்து தொடங்கும். வெட்டியதை ஒட்டவும் முடியாது.

ஆறுமுகம் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியிருந்தது. வேலியில் கிடந்த ஒரு பிரம்பை எடுத்து நுனியைப் பிடித்து வளைத்துக் காட்டினேன், சுலபமாக வளைந்தது. பாதியாக வெட்டி மறுபடி கொடுத்தேன். வளைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஆனால் நான் ஸ்பிரிங்கைக் கையில் எடுத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஜாங்கான் போத்தோங், அபாங்."

"வெட்டாதீங்கன்னு சொல்றாரு" என்றாள் செண்பகம் வாசற்படியிலிருந்து.

அவர் வேகமாகப் பேசினார். அவள் துண்டு துண்டாகச் சொன்னாள். பிரம்பு என்றால் வேலியில் இன்னொன்று இருக்கிறது, இது போனால் வேறு இல்லை என்கிறார். கப்பலில் வர மாசக்கணக்கில் ஆகும் என்கிறார். அபாங் ஊருக்குப் போய்விடுவார், அப்புறம் மிஸ்ஸி எதில் போவாள் என்று கேட்கிறார். முனியம்மாளுக்கு நாள் நெருங்கிவிட்டது, இப்போது போய் இதைச் செய்யலாமா என்கிறார்.

அவர் கேட்டதில் தப்பு எதுவும் இல்லை. நான் ஸ்பிரிங்கைச் சாக்கின்மேல் வைத்தேன். இதுவரை நான் வெட்டியதெல்லாம் கம்பெனியின் இரும்பு. கெட்டுப்போனால் முதலாளி திட்டுவார், அவ்வளவுதான்.

செண்பகம் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு முற்றத்துக்கு வந்தாள். குந்தி உட்கார்ந்து ஸ்பிரிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"நெசமாச் சொல்லுங்கண்ணே. உங்களுக்குத் தெரிஞ்சு செய்யறீங்களா, இல்ல என்னைப் பாத்துப் பாவமா இருக்குன்னு செய்யறீங்களா?"

"பஸ்ஸுல தெரியும். இதுல செஞ்சதில்ல. ஆனா கணக்கு ஒண்ணுதான்."

"நானும் மொதத் தடவ குறுக்க கெடந்த புள்ளையத் திருப்பினப்ப புஸ்தகத்துல படிச்சதோட சரி" என்றாள். பிறகு ஸ்பிரிங்கை என் கையில் வைத்தாள். "வெட்டுங்க."

ஆறுமுகம் பிள்ளைக்கு அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். கொல்லர் தெருவில் தனக்குத் தெரிந்த சீனர் பட்டறைக்கு என்னைச் சைக்கிளில் ஏற்றி அவரே மிதித்துக் கூட்டிப் போனார். அங்கே சாணைச் சக்கரம் இருந்தது. இரண்டு ஸ்பிரிங்கிலும் வெட்ட நினைத்ததில் பாதியை மட்டும் முதலில் வெட்டினேன். நுனியைச் சூடுகாட்டி, பக்கத்துச் சுற்றோடு படியத் தட்டி, தட்டையாகத் தேய்த்தோம். இல்லையென்றால் குழாய் சாய்ந்து உட்கார்ந்துவிடும். ஸ்பிரிங்குக்கும் குழாய்த் துண்டுக்கும் நடுவே ஒரு கனத்த வாஷர். எண்ணெயைப் பழையதற்கும் கெட்டியானதற்கும் நடுவாகக் கலந்தோம்.

ஃபோர்க் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பார்க்க, அதன் மேல் குழாயைச் சுற்றிக் காய்ந்த ரப்பர் பால் இழை ஒன்றைக் கட்டினேன். சக்கரம் ஏறும்போது கீழ்க் குழாய் அதை மேலே தள்ளும், இறங்கும்போது இழை அங்கேயே நின்றுவிடும். செம்மண் சடக்கில் நானே ஓட்டிப் பார்த்தேன். இழை உச்சிவரை போயிருந்தது. திரும்பிப் போய் இன்னும் கொஞ்சம் வெட்டினேன். மறுபடி ஓட்டினேன். இந்த முறை உச்சிக்கு இரண்டு விரல்கடை கீழே இழை நின்றது. பெட்டியில் ஆஸ்பத்திரிச் சாமான்களின் கனத்துக்குச் செங்கல் வைத்து இன்னொரு தரம் ஓட்டினேன். ஒரு விரல்கடை மிச்சம் இருந்தது. அதற்கு மேல் வெட்டவில்லை.

கப்பலுக்குப் புறப்பட வேண்டிய நாள் நெருங்கியது. செண்பகத்திடம் நான் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

ஒரு மத்தியானம், மழை விட்டுக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தபோது, முனைக் கோப்பிக்கடைச் சீனர் ஓடி வந்தார். அவர் கடையில்தான் டெலிபோன். முனியம்மாளுக்கு வலி.

செண்பகம் துணியைத் தலையில் கட்டிக்கொண்டே, "ஏறுங்கண்ணே" என்றாள்.

"நான் எதுக்கு? பாரம் கூடும்."

"ஆள் வச்சுக்கிட்டு வர்றமாதிரி இருந்தா தாங்குமான்னு நான் தெரிஞ்சுக்கணும்."

சடக்கு முழுவதும் சேறு. அவள் உட்கார்ந்தபடியே ஓட்டினாள். பள்ளத்தில் மூக்கு குனிந்தது, உடனே நிமிர்ந்தது, அடுத்த பள்ளத்துக்குத் தயாராக இருந்தது. பலகைப் பாலம் வந்தபோது அவள் இறங்கப்போகிறாள் என்று காலை ஊன்றத் தயாரானேன். அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. பலகைகள் தடதடத்தன. சக்கரம் படியில் இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஹேண்டில்பார் நேராக இருந்தது. மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தோம்.

லயத்து வாசலில் காளியப்பன் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றிருந்தார். பக்கத்தில் போய் நிறுத்திய பிறகுதான் திரும்பினார்.

"சத்தமே கேக்கலியே மிஸ்ஸி. டங்கு டங்குன்னு தூரத்துலயே கேக்குமே, இன்னும் காணமேன்னு நின்னுக்கிட்டிருந்தேன்."

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காளியப்பனும் நானும் வாசலில் உட்கார்ந்தோம். அவர் தேத்தண்ணி கொண்டு வந்து கொடுத்துவிட்டுத் தான் குடிக்க மறந்துவிட்டார். உள்ளே முனியம்மாளின் குரலும், அதற்கு மேல் என் தங்கையின் குரலும் கேட்டன. வீட்டில் ஒருபோதும் நான் கேட்டிராத குரல். அதட்டுகிற, கெஞ்சாத, அவசரப்படாத குரல். "இப்ப வேணாம். நிறுத்து. நான் சொல்லும்போது." பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. காளியப்பன் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார், தெரிந்து பிடித்தாரா என்று தெரியாது.

குழந்தை அழுதது.

கொஞ்ச நேரம் கழித்துச் செண்பகம் வெளியே வந்து, கைகளைத் துடைத்துக்கொண்டே, "பொட்டப்புள்ள. கொடி கழுத்தச் சுத்தியிருந்துச்சு, எடுத்துட்டேன்" என்றாள். காளியப்பன் ஆறிப்போன தேத்தண்ணியை அப்போதுதான் எடுத்துக் குடித்தார். அவள் என்னைத் தாண்டிப் போய் வண்டியின் முன்னால் குனிந்து, ரப்பர் இழையைப் பார்த்தாள்.

"மிச்சம் இருக்குண்ணே" என்றாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் லெட்சுமி வழிக்கென்று பெலாச்சான் கட்டியைத் துணியில் முடிந்து கொடுத்தார். ஆறுமுகம் பிள்ளை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். தான்தான் ஸ்பிரிங்கை வெட்டச் சொன்னதாக அவர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று செண்பகம் சொன்னாள்.

"அம்மாகிட்ட நான் என்ன சொல்றது?" என்று அவளிடம் கேட்டேன்.

"வரலன்னு சொன்னான்னு சொல்லுங்க. கையப் பிடிச்சு இழுக்கலியான்னு கேட்டா, ரெண்டு கையும் ஹேண்டில்பார்ல இருந்துச்சுன்னு சொல்லுங்க."

பஸ் நிலையத்துக்கு அவள் வரவில்லை. விடியற்காலையிலேயே வேறொரு தோட்டத்திலிருந்து ஆள் வந்து போய்விட்டாள். போகும்போது என்னை எழுப்பவில்லை.

பஸ் ஊரைத் தாண்டி, எதிர் வண்டிகளுக்கு வழிவிட ஒரு குறுகலான பாலத்தருகே நின்றது. எதிர்ப்பக்கத்திலிருந்து அவள் வந்துகொண்டிருந்தாள், வேலை முடிந்து திரும்புகிறாள் போலிருக்கிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் தார் பெயர்ந்து நல்ல பள்ளமாகக் கிடந்தது. பாலத்தைத் தாண்டியதும் அவள் வண்டி அதில் இறங்கியது. ஜன்னலில் தலையை நீட்டி நான் ஃபோர்க்கைப் பார்த்தேன். அமுங்கியது, ஒரே மூச்சில் எழுந்தது, சத்தமில்லை. சரியாக இருக்கிறது என்று நிமிர்ந்தபோது அவள் பஸ்ஸைத் தாண்டிப் போயிருந்தாள். வெள்ளைச் சட்டையின் முதுகு மட்டும் தெரிந்தது. கையைத் தூக்கினாளோ என்னவோ, அதையும் நான் பார்க்கவில்லை.

கும்பகோணத்தில் அம்மா என்னைத் திட்டவில்லை. நான் தனியாக வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, என் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். பிறகு ஒன்றுதான் கேட்டாள்.

"கடைசியாப் பாத்தப்ப மொகம் எப்படிடா இருந்துச்சு?"

 "வண்டி நல்லா ஓட்டறாம்மா" என்றேன்.